லாக் போன பிறகு

2024-ஆம் வருஷம் ஆடி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. என் டி.டி.பி. கடையைத் (கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்து அச்சுக்குக் கொடுக்கும் கடை) திறந்து, சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். விண்டோஸ் எக்ஸ்பி வந்தது, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் வந்தது, முந்தின நாள் பாதியில் விட்ட பக்கமும் வந்தது. அடிக்க ஆரம்பித்தால் தமிழ் வரவில்லை. சம்பந்தமே இல்லாத எழுத்துகள் வரிசையாக விழுந்தன. திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி, லாக்கைக் காணோம் என்றது.

இப்போதைய பிள்ளைகளுக்கு லாக் என்றால் விளக்கித்தான் ஆக வேண்டும். தமிழ் ஃபாண்டும் (எழுத்துரு) அதற்கான கீபோர்டு டிரைவரும் வாங்கினால் தீப்பெட்டி அளவில் ஒரு பிளாஸ்டிக் துண்டு கொடுப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் பழைய பிரிண்டர் ஒயர் செருகும் 25 ஊசி போர்ட்டில் அதைச் செருக வேண்டும். அது இருந்தால்தான் தமிழ். பேஜ்மேக்கரை அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை (நானும்தான், மறைப்பானேன்). ஆனால் ஃபாண்டுக்கு எல்லாரும் காசு கொடுத்தோம், லாக் இல்லாமல் வேலை நடக்காதே! 1998-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் கடை போட்டபோது வாங்கிய லாக் அது. இருபத்தாறு வருஷம் உழைத்துவிட்டு அன்று காலை செத்துப்போனது. அந்த லாக்கை இப்போது விற்பவர் யாருமில்லை. இன்றைய மதர்போர்டுகளில் அதைச் செருகும் போர்ட்டும் பெரும்பாலும் இல்லை.

சாயங்காலமே தம்பி மகன் புதுக் கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டியலோடு வந்துவிட்டான். கோயம்புத்தூரில் படித்தவன், விவரமானவன். பிராசசர் இது, கிராஃபிக்ஸ் கார்டு இது, இல்லாவிட்டால் ஒரேயடியாக மேக் மினி.

"அத்தை, டிசைன் வேலைன்னா மேக்தான்."

"முதல்ல ஃபாண்ட் எதுன்னு சொல்லுடா, பெட்டியைப் பிறகு பாப்போம்" என்றேன்.

இதில்தான் எனக்கும் அவனுக்கும் ஒரு வாரம் வழக்கு. எல்லாரும் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இருபத்தாறு வருஷமாக என்னைக் கட்டிப்போட்டிருந்தது பெட்டி இல்லை, எழுத்து. ஃபாண்டுக்காக லாக், லாக்குக்காக அந்தப் போர்ட், போர்ட்டுக்காகப் பழைய மதர்போர்டு, அதற்காக எக்ஸ்பி. மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலேயே எக்ஸ்பியைக் கைவிட்டுவிட்டது. அதற்குப் பிறகும் பத்து வருஷம் நான் அதிலேயே கிடந்தது ஆசைப்பட்டு இல்லை. ஆகவே இந்த முறை கடைசியிலிருந்து திரும்பி நடப்பது என்று வைத்துக்கொண்டேன். அச்சகம் என்ன கேட்கிறது, அதைக் கொடுக்கும் மென்பொருள் எது, அந்த மென்பொருளில் சரியாக நிற்கும் ஃபாண்ட் எது, கடைசியாகப் பெட்டி.

யோசித்தால் இந்தத் தொழிலே அப்படித்தான் பிறந்தது. 1985-இல் ஆப்பிளின் லேசர்ரைட்டர் பிரிண்டர் வந்தது, அங்குலத்துக்கு 300 புள்ளி. அதற்குள் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்தது, பக்கம் எப்படி வர வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் பக்கமொழி. அதே வருஷம் ஆல்டஸ் நிறுவனம் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. ஆல்டஸை நடத்திய பால் பிரைனர்டுதான் டெஸ்க்டாப் பப்ளிஷிங் என்ற பெயரையே வைத்தவர். முந்தின வருஷமே வந்துவிட்ட ஆப்பிளின் மெக்கின்டோஷ் கம்ப்யூட்டர் தனியாக யாருக்கும் புத்தகம் போட்டுக் கொடுத்துவிடவில்லை. பிரிண்டரும் பக்கமொழியும் மென்பொருளும் கூடின பிறகுதான் வேலை நடந்தது.

சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். என் வேலைகள் போகும் அச்சகத்தில் பிளேட் (அச்சு எந்திரத்தில் மாட்டும் தகடு) போடும் தம்பியிடம், "உங்களுக்கு நான் என்ன கொடுத்தா போதும்?" என்று கேட்டேன். முன்பெல்லாம் லேசரில் டிரேசிங் பேப்பர் எடுத்துச் சுருட்டிக்கொண்டு போவேன், மழை வந்தால் புடவைத் தலைப்புக்குள். இப்போது அங்கே எல்லாம் சி.டி.பி., கம்ப்யூட்டரிலிருந்து நேரே பிளேட்.

"பி.டி.எஃப் எக்ஸ்-1ஏ கொடுத்துருங்கக்கா. ஃபாண்ட் எல்லாம் உள்ளயே எம்பெட் ஆகியிருக்கணும். படம் 300 டி.பி.ஐ. சுத்தி 3 மில்லி ப்ளீட். முக்கியமா, எழுத்து கறுப்பு வெறும் கே-ல மட்டும் இருக்கணும். போன தடவை மாதிரி வேண்டாம்."

எக்ஸ்-1ஏ என்பது அச்சுக்கென்றே உள்ள பி.டி.எஃப் வகை. ப்ளீட் என்பது வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமல் இருக்க, அச்சை வெளியே கொஞ்சம் நீட்டிவிடுவது. கே என்றால் கறுப்பு மை. போன தடவை என்று அவர் சொன்னது ஒரு கோவில் விழா நோட்டீஸ். அவசரத்துக்கு யாரோ டைப் செய்து அனுப்பிய வேர்டு ஃபைலை அப்படியே பி.டி.எஃப் ஆக்கிக் கொடுத்துவிட்டேன். அதில் கறுப்பு திரைக்கான ஆர்.ஜி.பி. கறுப்பு. பிளேட்டுக்குப் போனபோது அது நான்கு வண்ணமாகப் பிரிந்து, 9 பாயின்ட் எழுத்துக்குக் கீழே சியான், மெஜன்டா, மஞ்சள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு பிளேட்டும் மயிரிழை விலகினால் போதும். உபயதாரர் பெயர்கள் எல்லாம் சிவப்பு நிழலோடு அச்சாகி வந்தன. ஆயிரம் நோட்டீஸ், என் செலவில் மறுபடி.

அதனால் வேர்டு மாதிரி இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆஃபிஸ் என் மென்பொருள் பட்டியலிலிருந்து போனது. தமிழ் எழுத்து அதில் அருமையாக நிற்கிறது, சி.எம்.ஒய்.கே. (சியான், மெஜன்டா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை) பி.டி.எஃப்தான் அதிலிருந்து வராது. உள்பக்கம் மட்டும் கறுப்பு வெள்ளையில் போடுகிறவர்கள் அச்சகத்தில் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். எனக்கு நோட்டீஸ், ரேப்பர், கும்பாபிஷேக மலர் எல்லாம் வண்ணம்.

அடுத்தது தமிழ். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலரும் காசு விடுவது இங்கேதான்.

பழைய ஃபாண்டுகளில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை ஒட்டியிருப்பார்கள். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று படம், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே. மென்பொருளுக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை, அதனால்தான் பேஜ்மேக்கரில் ஓடியது. யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் உலகப் பொதுத் தரம்) அப்படி இல்லை. முதலில் க, அதற்குப் பிறகு உயிர்க்குறி என்றுதான் சேமிப்பாகிறது. கொம்பை இழுத்து முன்னால் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம், நடுவில் புள்ளி வட்டம். பேஜ்மேக்கரில் யூனிகோடை ஒட்டினால் வெறும் கேள்விக்குறிதான் வரும். 2001-இல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு, இனி அது திருந்தப்போவதில்லை.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தரமாக ஏற்றபோது, அது ஓடாத இடங்களுக்கு என்று டேஸ்16 என்ற இன்னொரு எழுத்து முறையையும் சேர்த்து அறிவித்தது. அதில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண், கொம்பை இழுக்கும் சங்கடமே இல்லை. ஆசை வந்தது. ஆனால் இப்போது எழுத்தாளர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு, நான் புரூஃப் அனுப்பினால் அவர்கள் போனில் திறப்பதும் யூனிகோடு. ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. மறுபடி ஒரு லாக்கை நானே தேடிச் செருகிக்கொள்வது போல் இருக்கும்.

இணையத்தில் எல்லாரும் புகழும் ஒரு மலிவு மென்பொருளை இறக்கி, சோதனைக்கு 'கொக்கொக்க' என்று அடித்தேன். கொக்கு சிறகு பிரிந்து வந்தது. பெயர் வேண்டாம். நீங்கள் வாங்குவதற்கு முன் இலவசச் சோதனைப் பதிப்பில் 'கௌதமி, ஸ்ரீதர், லக்ஷ்மி, மொழிபெயர்ப்பு' என்று நாலு சொல் அடித்து, பி.டி.எஃப் எடுத்து, போனில் திறந்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிஷ வேலை.

கடைசியில் நின்றது பக்கம் அமைக்கும் மென்பொருள் இரண்டு: ஸ்கிரைபஸ், அடோபியின் இன்டிசைன்.

ஸ்கிரைபஸ் இலவசம். பழைய 1.4 பதிப்பில் தமிழ் உடையும். இந்திய, அரபி எழுத்துகளை ஒழுங்காக அமைக்கும் வேலையை ஓமான் நாட்டுக் குழு ஒன்று 1.5 வரிசையில் செய்துகொடுத்தது. 2024 ஜனவரியில் வந்த 1.6 அதோடு நிலையான பதிப்பாக வந்திருக்கிறது. சி.எம்.ஒய்.கே. உண்டு, பி.டி.எஃப் எக்ஸ் உண்டு. நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் இப்போது அதில்தான் போடுகிறேன். ஒரு பைசா செலவில்லை, திருட்டுமில்லை. இந்த வயதில் அது ஒரு நிம்மதி.

ஆனால் அப்போது என் மேஜையில் இருந்த வேலை புத்தகம். எங்கள் ஊர்த் தமிழாசிரியர் ஐயா, ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பாசுரங்களுக்கு உரை எழுதியிருக்கிறார். டெமி 1/8 அளவுப் புத்தகம், முந்நூற்றுச் சொச்சம் அடிக்குறிப்பு, பாட்டு எண் தமிழ் எண்களில். அடிக்குறிப்பு ஸ்கிரைபஸில் எனக்குச் சரிப்படவில்லை. நீளமான பாடத்தை ஃபிரேம் ஃபிரேமாக ஓடவிட்டால் ஒரு திருத்தத்துக்கு ஒரு காபி குடித்துவிட்டு வரலாம். ஆகவே புத்தகத்துக்கு இன்டிசைன். மாதச் சந்தா. புத்தக வேலை இருக்கும் மாதம் கட்டுகிறேன், இல்லாத மாதம் விட்டுவிடுகிறேன். மாதத்துக்கு மாதம் கட்டினால் வருஷ ஒப்பந்தத்தைவிட அதிகம்தான். ஆனால் என் கடைக்கு வருஷத்தில் ஐந்து மாதம்தான் புத்தகம்.

இன்டிசைனைப் போட்டதும் தமிழ் உடைந்து வந்தால் பயப்படாதீர்கள். பாராகிராஃப் ஸ்டைலில் கம்போசர் என்று, எழுத்தை வரியாகக் கோக்கும் அமைப்பு ஒன்று இருக்கும். அதை வேர்ல்டு-ரெடி என்று மாற்ற வேண்டும். இன்டிசைனின் சி.எஸ்.6 பதிப்பில் இந்திய மொழிகளுக்குத் திறந்துவிட்ட கதவு அது. மாற்றாவிட்டால் எத்தனை நல்ல ஃபாண்ட் போட்டாலும் கொம்பு இடம் மாறித்தான் நிற்கும். இதற்கு நான் இரண்டு நாள் அலைந்தேன்.

அப்புறம் ஃபாண்ட். ஐயாவின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து நாலைந்து ஃபாண்டில் 11 பாயின்டில், 15 லீடிங்கில் (வரிக்கு வரி இடைவெளி) அமைத்து, லேசரில் எடுத்து மேஜையில் பரப்பினேன். நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ், முக்தா மலர், தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் ஃபாண்டுகளில் ஒன்று. முக்தா மலர் தலைப்புக்கு அழகு, முந்நூறு பக்கம் படிக்க வேண்டாம். நோட்டோவில் பல எடை (எழுத்தின் தடிமன்) இருக்கிறது, தமிழ் எண்களும் சரியாக வருகின்றன. டீரோ கண்ணுக்கு மிக இதம், ஆனால் போல்டு கிடையாது. பாட்டு போல்டில், உரை சாதாவில் என்று கேட்கும் புத்தகத்துக்கு அது ஆகாது. ஐயா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகில் வைத்துப் பார்த்து, நோட்டோவைத் தொட்டார். பழைய ஃபாண்டில் 192 பக்கம், சரியாகப் பன்னிரண்டு ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்). புதியதில் 207. வெற்றுப்பக்கம் ஒன்று சேர்த்து 208, பதின்மூன்று ஃபாரம். ஒரு ஃபாரம் கூடினால் ஆகும் செலவை ஃபாண்ட் தேர்ந்தெடுக்கும்போதே கணக்குப் பார்த்துவிட வேண்டும்.

கை பழகிய கீபோர்டு போய்விடுமே என்பதுதான் என் பெரிய பயம். நான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள், விரலுக்குத் தெரிந்தது பழைய தட்டச்சு முறை. என்.எச்.எம். ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளில் அந்த முறையும் இருக்கிறது, தமிழ்99 என்ற கீபோர்டு முறையும் இருக்கிறது, வருவது யூனிகோடு. இலவசம். ஒரே நாளில் பயம் போயிற்று. இதைத் தெரியாமல்தான் எத்தனையோ டி.டி.பி. ஆபரேட்டர்கள் இன்னும் லாக்கைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள்.

பழைய ஃபைல்களை மாற்றியது தனிக் கதை. இன்டிசைனின் புதிய பதிப்புகள் பேஜ்மேக்கர் கோப்பைத் திறப்பதில்லை, சி.எஸ்.6 வரைதான் திறந்தன. பழைய பெட்டியில் ஒவ்வொன்றாகத் திறந்து, மற்ற மென்பொருள்களும் திறக்கும் ஆர்.டி.எஃப். கோப்பாக எடுத்து, யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அதில் ஒரு கண்ணி: என் பழைய ஃபாண்டில் தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்ணில் இருப்பதால், நடுவில் வரும் ஆங்கிலச் சொல்லையும் மாற்றி தமிழாக்கிவிடும். ஐ.எஸ்.பி.என். இருந்த இடத்தில் கெட்ட வார்த்தை போல் ஒன்று நின்றது. ஆங்கில ஃபாண்டில் இருக்கும் பகுதிகளை முதலில் தேடிப் பிரித்து வைத்துவிட்டு, மற்றதை மட்டும் மாற்றினால் தப்பிக்கலாம்.

இதற்குப் பிறகுதான் பெட்டி. பார்த்தீர்களா, இங்கே வரும்போது பாதிக் கேள்வி தானாகவே போய்விட்டது. கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை, பிராசசரோடு வருவதே போதும். மேக் வேண்டாம் என்றேன். மென்பொருள் விண்டோஸிலும் மேக்கிலும் ஒன்றுதான், இப்போதைய மேக்கில் பிறகு ராம் கூட்ட முடியாது, கெட்டால் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆளில்லை. ராம் 32 ஜிபி, ஒரு டெராபைட் எஸ்.எஸ்.டி. இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். வேலைகளை இரவில் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன், கடையில் வைப்பதில்லை.

மானிட்டருக்கு அளவு நாடாவோடு போனேன், கடைக்காரர் சிரித்தார். கும்பாபிஷேக மலர் ஏ4. இரண்டு பக்கம் சேர்த்து விரித்தால் 42 செ.மீ. அகலம், 29.7 உயரம். சாதாரணமாக விற்கும் 23.8 அங்குல அகலத்திரையின் உயரம் 29.6 செ.மீ.தான், மெனுவுக்கே இடமில்லை. 16:10 விகிதத்தில் 24 அங்குலம் என்றால் உயரம் 32 செ.மீ.க்கு மேல் வருகிறது. விரித்த பக்கம் அச்சில் வரும் அளவிலேயே தெரியும், மேலே மெனுவும் நிற்கும். தேடி அதைத்தான் வாங்கினேன், பக்கவாட்டில் பார்த்தாலும் வண்ணம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். பேனல். வண்ணம் அளக்கும் கருவி வாங்கவில்லை. அச்சகத்திலிருந்து என் பழைய வேலை ஒன்றின் அச்சடித்த தாளை வாங்கி, அதே ஃபைலைத் திரையில் திறந்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவைத்தேன். சுத்தமான முறை இல்லைதான், மஞ்சளில் இன்னும் ஏமாறுகிறேன்.

பிரிண்டர், இரண்டு பக்கமும் தானாக அடிக்கும் கறுப்பு வெள்ளை லேசர். புரூஃபுக்கு அதுதான். இங்க்ஜெட்டில் புள்ளி ஊறிப்போய், 'க்' இருக்கிறதா 'க' இருக்கிறதா என்று ஐயாவோடு சண்டை போட முடியாது. யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டரும் மானிட்டரும் மட்டும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே கூடாது, உள்ளே உருளை சூடாகும்போது இழுக்கிற மின்சாரத்தில் யு.பி.எஸ். படுத்துவிடும். மிச்சக் காசில் ஒரு நல்ல நாற்காலி. தம்பி மகன் அதை ஹார்டுவேர் கணக்கில் சேர்க்க மறுத்தான். எட்டு மணி நேரம் உட்கார்கிறவள் நான்.

முதல் புரூஃபை ஐயாவிடம் கொடுத்தேன். மறுநாள் வந்தார்.

"ஏம்மா, ஒற்றெழுத்தைத் தூக்கி வரியின் தலையில் வைத்திருக்கிறாயே. அப்புறம் இது என்ன, சொல்லுக்குச் சொல் கோடு?"

தமிழ் அச்சில் வரி ஓரத்தில் சொல்லை உடைத்தால் கோடு போடும் வழக்கம் இல்லை, மெய்யெழுத்தில் வரியைத் தொடங்குவதும் இல்லை. ஆனால் உடைக்காமலும் முடியாது. 'நின்றுகொண்டிருந்தவர்களுக்காகவும்' மாதிரி ஒரு சொல் வந்தால் அந்த வரி ஓட்டை ஓட்டையாக ஆகிவிடும். பேஜ்மேக்கரில் இதையெல்லாம் கையால் செய்தேன். இன்டிசைனில் டிஸ்கிரிஷனரி லைன் பிரேக் என்று ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி இருக்கிறது. அது இருக்கும் இடத்தில் தேவைப்பட்டால் சொல் உடையும், கோடு வராது. கோடு போட்டு உடைக்கும் ஹைஃபனேஷனை அணைத்துவிட்டு, சொல்லின் முதல் ஒன்று, கடைசி இரண்டு எழுத்தை விட்டு, மெய்யெழுத்துக்கு முன்னால் வராமல், மற்ற எழுத்துகளுக்கு இடையில் அந்தக் குறியைச் செருகும்படி தம்பி மகன் கிரெப் தேடலில் (விதி எழுதித் தேடி மாற்றும் வசதி) ஒரு வரி எழுதிக் கொடுத்தான். அவன் படிப்புக்கு அன்றுதான் மரியாதை வந்தது.

ஒரே அமுக்கில் 208 பக்கமும் சீராக உட்கார்ந்தன. முகப்புப் பக்கத்தைத் திருப்பினால் எங்கள் ஊர்ப் பெயரிலேயே ஓட்டை. 'ஸ்'ஸுக்கும் 'ரீ'க்கும் நடுவில் குறி புகுந்து ஸ்ரீ இரண்டாகப் பிரிந்து நின்றது. க்ஷவும் அப்படியே. அந்த இரண்டையும் தொடாதே என்று விதியில் சேர்த்து மறுபடி ஓட்டினான். இன்னொன்று, இந்தக் குறி புகுந்த பிறகு சொல்லைத் தேடினால் கிடைக்காது. அதனால் புரூஃப் எல்லாம் முடிந்து, சிவகாசிக்கு அனுப்புவதற்கு முந்தின ராத்திரிதான் அதை ஓட்ட வேண்டும்.

மூன்றாம் புரூஃபில் ஐயாவின் சிவப்பு மை ஒரே இடத்தில்தான் இருந்தது. 147-ஆம் பக்கம், ஒற்று மிகும். கம்ப்யூட்டரைக் குற்றம் சொல்ல முடியவில்லை, நான்தான் விட்டிருக்கிறேன்.